ஏரோடைனமிக்ஸா, சுற்றுச்சூழல் பாய்ம இயக்கவியலா: முனைவர் பட்ட ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

இயந்திரவியலில் முதுகலை முடித்துவிட்டேன், பாய்வைக் கணினியில் கணக்கிடும் சிஎஃப்டி மென்பொருள் நன்றாக ஓட்டுவேன், ஏரோடைனமிக்ஸ் பிடிக்கும், சுற்றுச்சூழல் பாய்வுகளும் பிடிக்கும், பி.எச்டி.க்கு எதை எடுப்பது, கணிதம் எவ்வளவு வேண்டும், கைடை எப்படித் தேடுவது, முடித்தபின் வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்த இரண்டு வரியை நம்பி நான்கைந்து வருடத்தை ஒப்படைக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், இவை இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாவியர் 1822-இல் எழுதி, ஸ்டோக்ஸ் 1845-இல் செப்பனிட்ட அதே பாய்ம இயக்கச் சமன்பாடுகள்தான் விமான இறக்கையின் மேல் ஓடும் காற்றுக்கும், நகரத்தின் மேல் ஓடும் காற்றுக்கும், கடலுக்குள் இறங்கும் ஆற்று நீருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், எதிரே வரும் பாய்வைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான். இறக்கையைச் சோதிக்கிறவர் நல்ல காற்றுச் சுரங்கத்தில், கொந்தளிப்பு (டர்புலன்ஸ்), அதாவது சராசரி வேகத்தோடு ஒப்பிட்ட வேக ஏற்ற இறக்கம், 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்கிற, அப்பழுக்கில்லாத காற்றை வைத்துத் தொடங்குகிறார். நகரக் காற்றை ஆராய்கிறவருக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தரைக்குப் பக்கத்தில் கொந்தளிப்பு 20, 30 சதவீதம் என்று இருக்கும், திசை நிமிடத்துக்கு நிமிடம் அலையும், வெயில் ஏறினால் தரை சூடாகி அடுக்குகள் கலையும், இரவானால் அதே காற்று அடங்கித் தட்டுத்தட்டாகப் படிந்துவிடும். இதனால் ஒரு பக்கத்தில் பழகிய நல்ல பழக்கங்கள் இன்னொரு பக்கத்தில் பொறியாக மாறுகின்றன. என் கருத்தில், இன்றைக்கு நல்ல முனைவர் பட்டக் கேள்விகள் அதிகம் கிடப்பது இந்த இடத்தில்தான், அதாவது ஏரோடைனமிக்ஸின் துல்லியத்தை வளிமண்டலத்தின் ஒழுங்கின்மைக்குள் கொண்டுபோகும்போது எது உடைகிறது என்று பார்க்கிற இடத்தில்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபெர்ரிபிரிட்ஜ் மின் நிலையத்தில் இருந்த எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று பலத்த காற்றில் இடிந்து விழுந்தன. விழுந்தவை காற்றை நேருக்கு நேர் வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல, அவற்றின் பின்னால் நின்றவை. ஒரு கோபுரம் தனியாக நின்றால் எவ்வளவு விசை வரும் என்பது ஏரோடைனமிக்ஸ் கேள்வி, அதற்கு விடை இருந்தது. முன்வரிசைக் கோபுரங்களுக்கு இடையே புகுந்து வரும் கலங்கிய பாய்வும், சில வினாடிகளே நீடிக்கும் வேகமான வீச்சும் சேர்ந்து பின்வரிசையை என்ன செய்யும் என்பது போதுமான அளவு கணக்கில் வரவில்லை. தரையின் பாதிப்பு எட்டும் அடிமட்டக் காற்றடுக்கான வளிமண்டல எல்லைப் படலத்தையே உள்ளே உருவாக்கிக் காட்டும் நீண்ட காற்றுச் சுரங்கங்கள் அறுபதுகளில் கட்டப்பட்டது இந்தத் தேவையால்தான். கொலராடோவில் செர்மாக், கனடாவின் ஒன்டாரியோவில் டேவன்போர்ட் இருவரும் அந்த வழியைத் திறந்தவர்கள். காற்றுப் பொறியியல் என்று தனியாக ஒரு துறை நிமிர்ந்து நின்றது அப்புறம்தான்.

சரி, உங்கள் சிஎஃப்டி திறமைக்கு வருகிறேன். மென்பொருள் ஓட்டத் தெரிந்தது நல்ல விஷயம், ஆனால் அது நுழைவுச்சீட்டு மட்டும்தான். ஒரு சோதனை சொல்கிறேன், இந்த வாரமே செய்து பாருங்கள். ஒரு பெரிய செவ்வகக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு கட்டடமும் வேண்டாம். நுழைவில் உயரத்தோடு மடக்கை (லாகரிதம்) விதிப்படி கூடும் காற்று வேகத்தையும் அதற்குரிய கொந்தளிப்பு அளவுகளையும் கொடுங்கள். தரைக்கு நகரத்துக்கேற்ற சொரசொரப்பைக் கொடுங்கள். ஓடவிட்டு, வெளியேறும் இடத்தில் என்ன வேக வடிவம் வருகிறது என்று பாருங்கள். உள்ளே எதுவுமே இல்லை, ஆகவே போனது போலவே வர வேண்டும். பெரும்பாலும் வராது. தரையோரத்தில் காற்று தானாகவே வேகம் பிடித்திருக்கும், கொந்தளிப்பு ஆற்றல் மாறியிருக்கும். அதாவது நீங்கள் கட்டடம் இருக்கும் இடத்தில் கொடுப்பதாக நினைத்த காற்று வேறு, அங்கே உண்மையில் போய்ச் சேர்ந்த காற்று வேறு.

ஏன் இப்படி? வளிமண்டலக்காரர்கள் சொரசொரப்பை ஒரு நீளமாகச் சொல்வார்கள், நகரப் பகுதிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். பொறியியல் மென்பொருள்கள் அதையே மணல் துகள் உயரமாகக் கேட்கும், இது முன்னதைப்போல் சுமார் 20 முதல் 30 மடங்கு. அரை மீட்டருக்கு 10 முதல் 15 மீட்டர் ஆகிவிடுகிறது. தரையோரப் பாய்வைச் சூத்திரத்தால் ஈடுகட்டும் வழக்கமான சுவர்ச் சார்பு ஒழுங்காக வேலை செய்ய, கணக்குக்காகக் களத்தைப் பிரிக்கும் கட்டங்களில் தரையை ஒட்டிய முதல் கட்டத்தின் மையப்புள்ளி அந்த உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது நடந்துபோகிறவர் முகத்தில் படும் காற்று, அதாவது ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில். முதல் கட்டத்துக்குள்ளேயே அது புதைந்துபோய்விடுகிறது! இறக்கைக்கு மெஷ் (கட்ட வலை) போட்டுப் பழகியவர் சுவரருகே கட்டங்களை இன்னும் நுணுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார். இங்கே நுணுக்க நுணுக்க நிலைமை மோசமாகும். இதை ஒருமுறை உங்கள் கையால் பார்த்துவிட்டீர்கள் என்றால், இந்தத் துறையில் மென்பொருள் தரும் வண்ணப்படங்களை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த படியாக, ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகம் வெளியிட்டிருக்கும் சோதனை அளவீடுகளில் ஒற்றைக் கட்டட நிலையை எடுத்து, அதே மாதிரியைக் கணினியில் செய்து ஒப்பிடுங்கள். கொந்தளிப்பைச் சராசரியாகக் கணக்கிடும் சாதாரண கே-எப்சிலான் மாதிரி, காற்று மோதும் முகப்பில் கொந்தளிப்பை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும், அதனால் கூரைமேல் உண்மையில் உண்டாகும் திருப்புப் பாய்வு காணாமல் போகும். கட்டடத்தின் பின்னால் பாய்வு மறுபடி தரையைத் தொடும் தூரமோ அளவீட்டைவிட நீண்டிருக்கும், ஏனென்றால் பக்கங்களிலிருந்து மாறி மாறிக் கழன்று போகும் சுழல்கள் சராசரிக் கணக்கில் சரியாக வருவதில்லை. இந்த இரண்டு பிழைகளையும் நீங்களே கண்டு, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால், மென்பொருள் சான்றிதழ் பத்து வைத்திருப்பவரைவிட நீங்கள் தயாராக இருக்கிறீர்கள்.

இப்போது தலைப்புத் தேர்வு. "டர்புலன்ஸில் ஆய்வு", "காற்று மாசில் ஆய்வு" என்பதெல்லாம் தலைப்பு ஆகாது. ஒரு பாய்வை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு கேள்வி கேட்டு, எந்த அளவீடு வந்தால் உங்கள் விடை தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்ல முடிந்தால் அது தலைப்பு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், பலரும் கோட்டைவிடும் இடமும் அதுதான்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இருபுறமும் உயரமான கட்டடங்கள், நடுவே தெரு, இதை ஸ்ட்ரீட் கேன்யன் என்பார்கள். கூரைகளுக்கு மேலே காற்று தெருவுக்குக் குறுக்காக வீசுகிறது. கட்டடங்களின் உயரத்தோடு ஒப்பிட்டால் தெரு குறுகலாக இருந்தால் மேல்காற்று தெருவுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே ஒரு பெரிய சுழல் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 0.7-க்கு மேலே வரும்போது இந்த நிலை என்று நகரக் காலநிலை ஆய்வாளர் ஓக் 1988-இல் வகைப்படுத்தினார். அந்தச் சுழலால் தரைமட்டத்தில் காற்று மேலே வீசும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் போகும். வண்டிப் புகையை அது தள்ளிக்கொண்டு போய் எந்தச் சுவரில் சேர்க்கும்? மேல்காற்று முதலில் கடக்கும் கட்டடத்தின் தெருப்பக்கச் சுவரில். காற்று நேரே வந்து மோதும் எதிர்ச்சுவரில் புகை அதைவிடக் குறைவு. கூரைமேல் ஒரு காற்றளவியை வைத்து, வீசும் திசையிலேயே புகையும் போகும் என்று எண்ணினால் முடிவு தலைகீழாகிவிடும்.

இதுவரை பாடம். ஆய்வுக் கேள்வி இதற்கு அடுத்து வருகிறது. வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்பதைப் பொறுத்து, சுவரோரம் எழும் சூடான காற்று அந்தச் சுழலை வலுப்படுத்தலாம், பலவீனப்படுத்தலாம், இரண்டாக உடைக்கவும் செய்யலாம். காற்று மெதுவாக வீசும் நாட்களில் இது பெரிதாகிறது, மாசு மோசமாகத் தேங்குவதும் அந்த நாட்களில்தான். மிதப்பு விசைக்கும் காற்றின் உந்தத்துக்கும் உள்ள விகிதம் எந்த அளவைத் தாண்டும்போது சுழல் உடைகிறது? காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரியை வைத்து இதே விகிதத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால், ஒன்று காற்றை மிக மெதுவாக ஓட்ட வேண்டும், அல்லது சுவரை நிஜத்தில் காணாத அளவுக்குச் சூடாக்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் ரெனால்ட்ஸ் எண், அதாவது வேகத்தை அளவால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்த எண், விழுந்து கொந்தளிப்பே செத்துவிடும். இந்த இக்கட்டுக்குள் நின்று யோசிக்கத் தொடங்கினீர்களானால் உங்களிடம் ஒரு நல்ல ஆய்வின் கரு இருக்கிறது.

அளவு மாற்றம் பற்றி இன்னும் கொஞ்சம். 50 மீட்டர் கட்டடம், வினாடிக்கு 5 மீட்டர் காற்று, காற்றின் இயக்கப் பாகுநிலை வினாடிக்கு ஒரு சதுர மீட்டரின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு, ரெனால்ட்ஸ் எண் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல். அதையே 200-இல் ஒரு பங்காகச் சுருக்கி 25 சென்டிமீட்டர் மாதிரியை வினாடிக்கு 10 மீட்டரில் சோதித்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம். நூறு மடங்கு குறைவு. ஆனாலும் கூர்மையான மூலைகள் உள்ள கட்டடத்துக்கு இது பெரும்பாலும் பரவாயில்லை, பாய்வு பிரியும் இடத்தை மூலையே தீர்மானித்துவிடுகிறது. உருண்டை வடிவக் கோபுரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, கோபுரத்தின் மேற்பரப்பை ஒட்டிய எல்லைப் படலத்தின் நிலையைப் பொறுத்துப் பிரியும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தச் சோதனையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இந்த மாதிரி யோசனைதான் சொல்லும். அதனால் கணிதத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பரிமாணப் பகுப்பாய்வை முதலில் வைப்பேன். பிறகு டென்சர் குறியீட்டில் தடுமாறாமல் எழுதுவது, ஃபூரியே பகுப்பாய்வு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல். புள்ளியியலைத்தான் பொறியியல் மாணவர்கள் விட்டுவிட்டு வருகிறார்கள். கொந்தளிப்பு என்பதே புள்ளியியலின் மொழியில் பேசப்படுவது, ரெனால்ட்ஸ் 1895-இல் வேகத்தைச் சராசரி, ஏற்ற இறக்கம் என்று பிரித்ததிலிருந்தே அப்படித்தான்.

கணிப்பா, சோதனையா, வெளிக்கள அளவீடா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். கணினி வேகமாகிக்கொண்டே போகிறது, எல்லாவற்றையும் நேரடியாகவே தீர்த்துவிடலாமே என்று தோன்றும். வளிமண்டலத்தில் மிகச் சிறிய சுழல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், எல்லைப் படலத்தின் உயரம் பகலில் ஒரு கிலோமீட்டர் அளவு. ஒரு திசைக்குப் பத்து லட்சம் கட்டங்கள் என்றால் மூன்று திசைக்கும் சேர்த்து ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள். ஆகவே மாதிரிகள் இல்லாமல் வேலை நடக்காது, மாதிரி என்றால் அதைச் சோதிக்க அளவீடு வேண்டும். பெரிய சுழல்களை மட்டும் தீர்க்கும் எல்இஎஸ் முறையே வானிலைக் கணிப்பிலிருந்து வந்தது, ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் எழுதியது வளிமண்டலச் சுற்றோட்டத்துக்காக. இன்று விமானத்துறையும் அதையே பயன்படுத்துகிறது.

நீங்கள் கணினிப் பக்கமே போனாலும் ஒரு பருவமாவது சோதனைக் கூடத்தில் இருங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஹாட் வயர் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 மைக்ரான் தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பி, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், மின்சாரத்தால் சூடாக இருக்கும், காற்று பட்டுக் குளிரும் அளவை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறோம். எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் கம்பி குளிரத்தான் செய்யும், ஆகவே முன்னோக்கிப் போகிறதா, பின்னோக்கி வருகிறதா என்று அதற்குத் தெரியாது. கட்டடத்தின் பின்னால் திருப்புப் பாய்வு இருக்கும் இடத்தில் ஒற்றைக் கம்பியை வைத்தால் அது சலிக்காமல் நேர்மறை வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அறையின் வெப்பநிலை ஒரு டிகிரி நகர்ந்தாலும் அளவுத்திருத்தம் நகர்ந்துவிடும். இதையெல்லாம் கையால் செய்தவர், வேறொருவர் வெளியிட்ட அளவீட்டோடு தன் கணிப்பை ஒப்பிடும்போது எந்தப் புள்ளியை நம்பலாம் என்று தெரிந்து ஒப்பிடுவார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். கொந்தளிப்பு மாதிரிகளில் அதற்கு இடமிருக்கிறது, நல்ல வேலைகள் நடக்கின்றன. ஆனால் முதல் வருடத்தில் அதிலிருந்து தொடங்காதீர்கள். பயிற்சித் தரவில் இல்லாத பாய்வுக்கு அந்த மாதிரி ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க இயற்பியல்தான் கைகொடுக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொந்தளிப்புத் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதிலிருந்து தரவை எடுத்து, எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் நிறமாலையை நீங்களே வரைந்து, கோல்மோகரோவின் 1941 கோட்பாட்டிலிருந்து வரும் -5/3 சரிவு எந்த இடைவெளியில் தெரிகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பது அதைவிட நல்ல தொடக்கம்.

இரண்டு துறையும் சந்திக்கிற இடத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் கேள்விகள் நிறைய. காற்றாலைகளின் பின்னால் நீளும் வேக், அதாவது வேகம் குறைந்த கலங்கிய பாய்வு, பகலில் கலைந்துவிடுகிறது, அமைதியான இரவில் வெகுதூரம் நீள்கிறது. பின்னால் நிற்கும் ஆலைக்கு உற்பத்தி குறைகிறது, திரும்பத் திரும்ப வரும் விசையால் இறகும் பலவீனமாகிறது. சிறு ட்ரோன்கள் கட்டட மூலையைச் சுற்றி வரும்போது அவற்றின் வேகத்துக்குச் சமமான காற்று வீச்சைச் சந்திக்கின்றன, சிறிய கோண மாற்றத்துக்காக எழுதிய பழைய இறக்கைக் கோட்பாடுகள் அங்கே செல்லாது. தெருவோர மரங்கள் நிழல் தருகின்றன, அதே சமயம் காற்றைத் தடுத்துப் புகையைத் தேக்கவும் செய்கின்றன. இவற்றில் எதில் உங்களுக்குத் தூக்கம் போகிறதோ அதை எடுங்கள். அரைகுறை ஆர்வத்தோடு நான்கு வருடம் தாக்குப்பிடிக்கும் வேலை இது இல்லை.

கைடு விஷயத்தில் பெயரையும் கட்டுரை எண்ணிக்கையையும் பார்த்து மயங்க வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு. சுரங்கம் இருக்கிறது சரி, மாணவருக்கு அது வருடத்தில் எத்தனை வாரம் கிடைக்கும்? கணிப்பு நேரம் திட்டத்தோடு உறுதியாகிவிட்டதா, அல்லது ஒவ்வொரு முறையும் விண்ணப்பித்து வாங்க வேண்டுமா? ஒப்பிட அளவீடு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் எடுக்க வேண்டுமா? உதவித்தொகை ஆய்வு முடியும்வரை வருமா, இடையில் நின்றுவிடுமா? முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? அங்கே தற்போது படிக்கிற மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள், கைடு அனுப்பிவைத்தவரிடம் மட்டும் பேசிவிட்டு முடிவெடுக்காதீர்கள். பிரச்சினை வந்தபோது வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாரா என்ற ஒரு கேள்வியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பெரிய ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்படாமல் இருப்பதைவிட, சிறிய குழுவில் அக்கறையுள்ள ஒருவரிடம் இருப்பது நல்லது என்றே நான் எப்போதும் சொல்வேன்.

வேலை: இருக்கிறது. காற்றாலை நிறுவனங்கள், வானிலை ஆய்வு நிலையங்கள், உயரக் கட்டடங்களுக்குக் காற்று ஆலோசனை தருகிறவர்கள், வாகன, விமானத் தொழில், மாசு பரவல் மதிப்பீடு, அணு உலைப் பாதுகாப்பு என்று பல வாசல்கள். பேராசிரியர் பணி மட்டும் எல்லா நாட்டிலும் இடம் குறைவு, அதை ஒன்றையே நம்பி வராதீர்கள். நிரல் எழுதவும், பெரிய தரவைக் கையாளவும், நிச்சயமின்மையோடு ஒரு எண்ணைச் சொல்லவும் தெரிந்தவருக்கு வெளியே மதிப்பு உண்டு.

விண்ணப்பக் கடிதத்தில் "உங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன" என்று தொடங்காதீர்கள், அப்படி வரும் கடிதங்களைப் பேராசிரியர்கள் திறந்த வேகத்தில் மூடுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையை எடுத்து, அதில் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, உங்கள் வெற்றுக்கள சோதனையிலோ ஒற்றைக் கட்டடக் கணிப்பிலோ நீங்கள் கண்டதோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று ஆறேழு வரியில் எழுதுங்கள். உங்கள் வரைபடம் ஒன்றை, அச்சுகளில் அலகும் பிழைக்கோடும் போட்டு, இணைத்து அனுப்புங்கள். பதில் இரண்டு வாரத்தில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.